ட்வைலா கேட்காத இதயம்

ட்வைலா பிரேட்டருக்கு முப்பத்தாறு வயதில் படிப்புப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவள் மாமியார் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த அம்மாள் வாயைத் தைக்க கென்டக்கி மாநிலத்தில் நூல் கிடையாது. ட்வைலா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நின்று ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தவள் அவள். மாலை வகுப்புக்குப் போய் ஒரு பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த படிப்புக்கு மனுப் போட்டுவிட்டாள்.

அவர்கள் பள்ளத்தாக்கில் இருந்த ஒரே டாக்டர் ஓய்வு பெற்றுக் கடற்கரை ஊரொன்றுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஜலதோஷம் முதல் நெஞ்சுவலி வரை எல்லாவற்றையும் பார்த்தது கிளினிக்கில் இருந்த பிசிஷியன் அசிஸ்டென்ட்தான். பெயரில்தான் அசிஸ்டென்ட். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது, நோயைச் சொல்வது, மருந்து எழுதுவது, தையல் போடுவது எல்லாம் அவர் வேலை. மேற்பார்வைக்கு வேறொரு டாக்டர் எங்கோ போன் முனையில் இருப்பார். அந்த நாற்காலியின் மேல் ட்வைலா கண் வைத்தாள்.

"படி. யார் வேண்டாங்கறா? ஆனா வீட்ல என்னை அறுத்துப் பாக்கணும்னு மட்டும் கேக்காத" என்றான் அவள் கணவன் ஹார்லன். அவன் மர லாரி ஓட்டுகிறவன். அவனளவில் அது சம்மதம்.

முதல் வருடம் முழுக்கப் பாடம். உடற்கூறு, மருந்தியல், இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று வாரத்துக்கு ஓர் உறுப்பாக வந்து மேலே விழுந்தது. ஒன்றை விழுங்குவதற்குள் அடுத்தது வாசலில் நிற்கும். கூடப் படித்தவர்கள் எல்லோரும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். இவளோ சோளரொட்டி வெந்துகொண்டிருக்கும்போது அடுப்பு மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தாள். குளியலறைக் கண்ணாடியெல்லாம் மருந்துப் பெயர் எழுதிய சீட்டு. ஹார்லன் முகம் பார்த்துச் சவரம் செய்ய முடியாமல் தாடி வளர்த்துவிட்டான்.

உடம்பைப் பரிசோதிக்கும் பாடத்துக்குக் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசைப்படி ஜோடி போட்டார்கள். பிரேட்டருக்கு அடுத்தவன் குயிலன். டோபின் குயிலன், இருபத்து நாலு வயது, புகையிலைப் பண்ணைப் பையன், கல்லூரியில் பேஸ்கட்பால் ஆடியவன், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். வருடம் முழுக்க அவன் உடம்பு இவளுக்கு, இவள் உடம்பு அவனுக்கு. கழுத்தை அமுக்கிப் பார்ப்பது, வயிற்றைத் தட்டிப் பார்ப்பது, காதுக்குள் விளக்கு அடிப்பது, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பது எல்லாவற்றையும் பையன்கள் அரைக்கால் சட்டையோடும் பெண்கள் உள்பனியனோடும் உட்கார்ந்து பழகிக்கொள்வார்கள். இதைக் கேள்விப்பட்ட மாமியார், "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்க, ஊரான் பையன் நெஞ்சைத் தடவறதுக்கு ஒரு காலேஜா!" என்று சர்ச் வாசலிலேயே கேட்டாள்.

உடற்கூறு வகுப்பின் முதல் நாளன்று, பிணத்தைப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறும்போது டோபின் சுருண்டு விழுந்தான். ஒவ்வொரு வருடமும் முதல் நாளில் யாராவது விழுவார்கள், அது அந்தக் கல்லூரியில் ஒரு திருவிழா மாதிரி. அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் "டிம்பர்". மரம் சாயும்போது வெட்டுகிறவர்கள் போடுகிற கூச்சல் அது. வகுப்புக்குள் அவன் நுழைந்தாலே பின்வரிசையிலிருந்து அந்தக் கூச்சல் கிளம்பும். அவனும் ஒரு கையை நெற்றியில் வைத்துச் சாய்ந்து காட்டுவான்.

நவம்பரில் பெரிய சோதனை வந்தது. ஜோடியைத் தலை முதல் கால் வரை பரிசோதிக்க வேண்டும். செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஆசிரியை ஹாலன்பெக் அம்மாள் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டிக் போடுவார். ட்வைலா டோபினின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்தாள். வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். வயிற்றுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துபோயிற்று. தோல்வி.

"நீ காதுக்குள்ள என்ன கேட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும் ட்வைலா? நீ சொன்னாத்தான் நான் டிக் போட முடியும்" என்றார் ஹாலன்பெக் அம்மாள். கெட்டவர் அல்ல. அவர் கையில் இருந்த தாள் அப்படி.

இன்னொரு முறை தவறினால் படிப்பு முடிந்தது. கார் நிறுத்தும் இடத்தில் ட்வைலா ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தபோது, டோபின் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"மிஸ் ட்வைலா, என் நெஞ்சுல குடித்தனம் பண்ணப் போயிட்டியே! அங்க என்ன வாடகை கம்மியா?"

"போடா. நான் சரியாக் கேக்கணும்னு பாத்தேன்."

"யாரு கேக்கச் சொன்னா? எனக்கு வயசு இருபத்து நாலு, குதிரையாட்டம் இருக்கேன். என்ன கேட்டுடப் போற? குழாயை வெக்கும்போதே வாயைத் திற. கையை எடுக்கறதுக்குள்ள சொல்லி முடி. மேல் வகுப்புல எல்லாரும் அப்படித்தான் தாண்டினாங்க."

பரம்பரையாக வந்த அந்தப் பாட்டை அவளுக்கு அவனே சொல்லிக் கொடுத்தான். துடிப்பு சீர், முதல் ஒலி தெளிவு, இரண்டாம் ஒலி தெளிவு, அதிகப்படிச் சத்தம் எதுவும் இல்லை. ட்வைலா அதைக் கார் ஓட்டும்போது சொன்னாள், பாத்திரம் கழுவும்போது சொன்னாள், சோபாவில் படுத்திருந்த நாயின் விலாவில் குழாயை வைத்துச் சொன்னாள். ஹார்லன் தூக்கத்தில் திரும்பினால் அவன் முதுகுக்கும் "நுரையீரல் சுத்தம்" என்று ஒரு சான்றிதழ் கிடைத்தது. மறுசோதனையில் முழு மதிப்பெண் வாங்கினாள். அதன் பிறகு அந்த வருடத்தில் டோபினின் நெஞ்சில் எத்தனை தடவை குழாய் வைத்தாளோ, அத்தனை தடவையும் நாக்கு காதை முந்திக்கொண்டது. எல்லாத் தடவையும் முழு மதிப்பெண்.

இரண்டாம் வருடம் வெளியே போய் நோயாளிகளோடு பயிற்சி. டோபினை இரண்டு மாவட்டம் தள்ளி ஓர் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ட்வைலாவுக்கு ஆற்றோரத்தில் ஒரு கிளினிக். அங்கே அவளைக் கண்காணித்தவர் ஆர்டிஸ் கோம்ப்ஸ். முப்பது வருடமாக அதே வேலை பார்த்த பிசிஷியன் அசிஸ்டென்ட். தேன் தடவிப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் ஃப்யூகேட் என்று ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி இருமலோடு வந்தார். ட்வைலா அவரைப் பார்த்து முடித்தாள். ஆர்டிஸ் உள்ளே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "சொல்லு" என்றார். ட்வைலா நிமிர்ந்து நின்று தங்குதடையில்லாமல் சொன்னாள். தொண்டை லேசான சிவப்பு. இதயத் துடிப்பு சீர், முதல் ஒலி தெளிவு, இரண்டாம் ஒலி தெளிவு, அதிகப்படிச் சத்தம் எதுவும் இல்லை.

ஃப்யூகேட் ஆர்டிஸைப் பார்த்தார். ஆர்டிஸ் ஃப்யூகேட்டைப் பார்த்தார்.

"ட்வைலா, வாயை மூடு. மூச்சையும் பிடிச்சுக்கோ. ரூமுக்குள்ள என்ன சத்தம் கேக்குது?"

டிக், டிக், டிக் என்று தெளிவாகக் கேட்டது. "கடிகாரம்" என்றாள் ட்வைலா.

"இந்த ரூம்ல கடிகாரமே கிடையாது."

ட்வைலா நான்கு சுவரையும் பார்த்தாள். கடிகாரம் இல்லை. அவள் கண் மெல்ல இறங்கி, திறந்து கிடந்த சட்டைக்கு நடுவே, ஃப்யூகேட்டின் மார்பில் மேலிருந்து கீழாக ஓடிய பழைய வெட்டுத் தழும்பில் வந்து நின்றது. அந்தத் தழும்பின் மேல்தான் அவள் குழாயை வைத்திருந்தாள்.

"இதயத்துல வெச்சது உலோக வால்வும்மா" என்றார் ஃப்யூகேட் பரிதாபமாக. "என் பொண்டாட்டி இந்தச் சத்தத்துல தூக்கம் வராம பக்கத்து ரூமுக்குப் போயி வருஷமாச்சு. நீ மட்டும் ஒண்ணுமே இல்லைங்கற. உன்னைக் கூட்டிட்டுப் போயி அவகிட்டச் சொல்லச் சொல்லணும்."

அவர் சிரித்தார். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. ட்வைலாவுக்குக் காது மந்தம் இல்லை. அந்தச் சத்தம் குழாய் வழியாக அவள் காதுக்குள் வந்திருக்கத்தான் வேண்டும். வந்தும் வரவில்லை. அவள் பொய் சொல்லவுமில்லை. பொய் சொல்கிறவனுக்கு உண்மை என்னவென்றாவது தெரிந்திருக்கும்.

நோயாளி போன பிறகு ஆர்டிஸ் கதவைச் சாத்தினார். "யார் மேல பழகின?"

"டோபின் குயிலன்னு ஒரு பையன். வருஷம் முழுக்க."

"அவன் இதயம் எப்படிச் சத்தம் போடும்? பாடத்துல இருக்கறது வேண்டாம். அவனோடது எப்படி?"

ட்வைலா வாயைத் திறந்தாள். துடிப்பு சீர் என்று நாக்கு கிளம்பியது. பாதியில் அதைப் பிடித்து நிறுத்தினாள். உலகத்திலேயே அந்த நெஞ்சின் மேல் அதிகத் தடவை காது வைத்தவள் அவள்தான். அது எப்படி ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டோபினுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"கடிகாரம்னா சொன்ன! ஐயோ, இதை நான் கிளாஸ்ல சொல்லாம விடமாட்டேன்."

"சிரிக்காத டோபின்."

"விடு மிஸ் ட்வைலா. இங்க மட்டும் என்ன வாழுது? சோறு தண்ணி இல்லாம நிக்க விடறாங்க. நேத்துக்கூட மூணாவது மாடிக்கு ஓடினப்ப கண்ணை இருட்டிட்டு வந்துச்சு. கைப்பிடியைப் பிடிச்சுட்டு நின்னேன். இங்கயும் டிம்பர்னு பேர் வெச்சுடுவாங்கன்னு பயம் எனக்கு."

ட்வைலாவின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. "அன்னிக்கும் நீ பொணத்துக்கிட்ட விழல."

"என்ன?"

"அன்னிக்குப் பொணத்துக்கிட்ட நீ நல்லாத்தான் நின்ன. பேசிட்டு இருந்த. விழுந்தது வெளியில வந்து, படி ஏறும்போது."

"அது பயம் லேட்டா வந்துச்சு" என்றான் டோபின். ஆனால் சிரிப்பு குறைந்திருந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒரு தேர்வுக்காகக் கல்லூரிக்குத் திரும்பி வந்தார்கள். முகப்பில் டோபினைப் பார்த்ததும், ட்வைலா சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காலியாக இருந்த பயிற்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சட்டையைக் கழட்டு."

"உங்க மாமியார் சொன்னது சரிதான் போல" என்றான் அவன், பித்தானைக் கழற்றிக்கொண்டே.

உட்கார வைத்துக் கேட்டாள். வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டாள். லப். டப். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று, கதவுக்கு அடியில் காற்று நுழைகிற மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. "எழுந்து நில்லு" என்றாள். அவன் எழுந்தான். காற்று பெரிதாயிற்று. "குத்த வெச்சு உக்காரு." சின்னதாயிற்று. "மறுபடி எழுந்து நில்லு."

இரண்டாம் முறை எழுந்து நிற்கும்போது டோபின் கேலியை நிறுத்திவிட்டான். எதற்காக ஒருவரை உட்கார வைத்து எழுப்பி உட்கார வைத்து எழுப்பிக் கேட்பார்கள் என்று அவனுக்கும் தெரியும். அவனும் அதே பாடம் படித்தவன்தானே. அவன் அவள் காதிலிருந்து குழாயைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டான். மறுமுனையைத் தன் நெஞ்சில் தானே வைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு அசையாமல் நின்றது. அவன் முகம் வெளுப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பரீட்சையில வந்துச்சு" என்றான்.

"வந்துச்சு."

"நான் சரியா எழுதினேன்."

"நானும் சரியாத்தான் எழுதினேன்."

இதயத்தின் தசைச் சுவர் தடித்துப்போய், ரத்தம் வெளியேறும் வழியை அடைக்கிற நோய். வெளியில் ஒன்றும் தெரியாது. ஆட்டக்காரர்கள் மைதானத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்போது விழுந்து எழாமல் போவார்களே, அதில் பல பேருக்கு இதுதான். இதை இருவரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காமலும் சொல்வார்கள். அதுதானே சங்கதி!

டோபின் சட்டையை மாட்டினான். "யார்கிட்டயும் சொல்லாத. இன்னிக்குத் தேர்வை எழுதிடறேன். பட்டம் வர்ற வருஷம் இது. ஒரு வருஷம் நிறுத்திடுவாங்க ட்வைலா. அப்புறமா நானே போயிக் காட்டிக்கறேன்."

"தேர்வு எந்த மாடியில?"

அவன் கண் கூரைப் பக்கம் போயிற்று. மூன்றாவது மாடியில்.

"அந்தப் படியில நீ கால் வெச்சேன்னா நான் இங்கேயே நின்னு கத்துவேன்" என்றாள் ட்வைலா. கதவை அடைத்துக்கொண்டு நின்றபடி ஹாலன்பெக் அம்மாளுக்குப் போன் போட்டாள். ஹாலன்பெக் அம்மாள் வந்தார். குழாயை வைத்தார், நிற்கச் சொன்னார், மறுபடி வைத்தார். கையில் டிக் போடும் தாள் இல்லை. அவர் உதடுகள் எதையோ சொல்ல வந்து சொல்லாமல் நின்றன. பிறகு பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த இதய டாக்டரைக் கூப்பிட்டு, சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

நடைபாதையில் வகுப்பு முழுவதும் தேர்வுக்காகக் காத்து நின்றது. சக்கர நாற்காலியில் டோபின் வருவதைப் பார்த்ததும் யாரோ ஒருவன் பழக்கதோஷத்தில் "டிம்பர்!" என்று கூவினான். சிரிப்பு எழும்பியது. டோபின் நெற்றியில் கை வைத்துச் சாய்ந்து காட்டவில்லை. நாற்காலிக்குப் பின்னால் வந்த ஹாலன்பெக் அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது.

மாலைக்குள் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். சந்தேகமே இல்லை, தசைச் சுவர் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு தடிமன். டோபினை நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு கருவி பொருத்த வேண்டும் என்றார் அந்த இதய டாக்டர் அம்மாள். இதயம் தாளம் தப்பினால் அது அதிர்வு கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். இத்தனை நாள் இப்படி மாடியேறிக்கொண்டிருந்தது அதிர்ஷ்டம் என்றார்.

ட்வைலா தான் ஒரு வருடமாக இந்த நெஞ்சைப் பார்த்ததைச் சொன்னாள்.

"படுத்துட்டோ உக்காந்துட்டோ இருக்கும்போது இது கேக்காமலும் இருந்திருக்கலாம். உன்னைக் குத்தம் சொல்ல முடியாது" என்றார் டாக்டர் அம்மாள் அன்பாக.

அந்த அன்பு ட்வைலாவுக்கு அடி மாதிரி விழுந்தது. கேட்டதா கேட்கவில்லையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தோற்றுப்போன அந்த நவம்பர் சோதனையில் தான் எதற்காக அந்த நெஞ்சின் மேல் அவ்வளவு நேரம் நின்றோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஏதாவது கேட்டதால் நின்றாளா, பயத்தில் நின்றாளா? நினைவில்லை. அந்த இடத்தில் பாட்டு மட்டும்தான் இருந்தது.

"குடும்பத்துல யாருக்காவது இதயக் கோளாறு உண்டா? இது வழிவழியா வர்றது" என்று டாக்டர் அம்மாள் டோபினைக் கேட்டார்.

"இல்ல. அப்பா நான் சின்னப் பையனா இருக்கும்போதே டிராக்டர் கவிழ்ந்து செத்துட்டார். அது விபத்து."

"எதுக்கும் உங்க அம்மாவைக் கேளு. எப்படியும் அவங்களுக்குச் சொல்லணுமே."

டோபினின் கையில் ஊசி ஏறியிருந்ததால் ட்வைலாதான் போனைப் பிடித்துக்கொண்டாள், ஸ்பீக்கரில் போட்டு. அவன் அம்மா வெர்லீன், மகன் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"டிராக்டர் அப்புறம்தாண்டா கவிழ்ந்துச்சு" என்றாள் கடைசியில். "பக்கத்து வயல்ல இருந்தவர் பாத்தார். உங்க அப்பா முதல்ல ஸ்டீயரிங் மேல சாஞ்சாராம். வண்டி அதுக்கப்புறம்தான் சரிவுல இறங்குச்சாம். நான் உன்கிட்டச் சொல்லல. எனக்கே அது என்னன்னு விளங்கல. அதுக்கு முந்தின வாரம் படபடன்னு வருதுன்னு அவரை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். நெஞ்சுல குழாயை வெச்சாங்க, எல்லாம் சரியா இருக்குன்னாங்க. வெச்ச கையை எடுக்கறதுக்குள்ள சொல்லிட்டாங்க."

டோபின் கண்ணை மூடிக்கொண்டான்.

"உன்னோடதை யாருடா கண்டுபிடிச்சா?"

"ட்வைலா. என் ஜோடி. இங்கதான் இருக்கா."

"அந்தப் பொண்ணா?" வெர்லீனின் குரல் உடைந்துவிட்டது. "கண்ணு, நீ நல்லா இருக்கணும். உன் காது நல்லா இருக்கணும். உன்னை மாதிரி ஒருத்தி அன்னிக்கு அங்க இருந்திருந்தா..."

ட்வைலாவால் அந்த வாழ்த்தை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள முடிந்திருக்கும். டோபின் கண்ணைத் திறந்து, எதையும் சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தான். டாக்டர் அம்மாளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸஸ் குயிலன், அன்னிக்கு அங்க இருந்தது என்னை மாதிரி ஒருத்திதான்" என்றாள் ட்வைலா. "உங்க பையன் நெஞ்சுல ஒரு வருஷமா குழாய் வெச்சேன். ஒவ்வொரு தடவையும் சரியா இருக்குன்னு சொன்னேன். கேக்காமலே சொன்னேன்."

வெர்லீன் வைத்துவிட்டாளோ என்று ட்வைலா திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"இப்பக் கேட்டியா?" என்றாள் வெர்லீன். குரலில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை.

"கேட்டேன்."

"நிஜமாவே கேட்டியா?"

"நிஜமாவே."

"வண்டியை எடுக்கறேன். நான் வந்து சேர்ற வரைக்கும் அவன் பக்கத்துல இரு. மெஷின் என்ன காட்டுனாலும் சரி, நீ கேட்டுட்டே இரு."

போன் அணைந்தது. ட்வைலா நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒயர்களுக்கு நடுவே இடம் பார்த்துக் குழாயை வைத்தாள். டோபின் பேச வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.